நடுவர் நிற்கிறார், ஜாக்கிரதை!

பனி கொட்டிக் கிடக்கும் ஒரு பள்ளி மைதானம். பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பனி உருண்டை வீசி விளையாடுகிறார்கள். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த மார்ஷ் ஒரு கட்சியில். அவன் பக்கத்தில் மியூட் என்றொரு சாதுப் பையன். எதிர்க் கட்சிக்காரர்களுக்கு ஜெயிப்பதில் அக்கறையே இல்லை. மியூட்டைக் குறிவைத்து அடிப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. எப்படி நகர்வது, எப்படி அடிப்பது என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இந்தச் சண்டைதான். பொத்தான்கள் கைக்குப் பழகுவதற்குள், இந்த ஊரில் யார் அடிக்கிறார்கள், யார் அடி வாங்குகிறார்கள் என்பது மனசுக்குப் பழகிவிடுகிறது.

‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் அட்வான்ஸ்’ தொடங்குவது இப்படித்தான். 2003 பிப்ரவரி 14 அன்று ஜப்பானில் வெளியானது. நின்டெண்டோவின் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ என்ற கையடக்கக் கருவிக்காக ஸ்கொயர் நிறுவனம் செய்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குப் போனது. நமக்கு வந்த வழி வேறு.

வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே திரும்பினால் எங்கள் நூம்பல். இன்றைக்கு அடுக்குமாடிகளும் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளுமாக நெருங்கிவிட்டது. இந்த ஆட்டம் வெளிவந்த காலத்தில் காலி மனைகள்தான் அதிகம். வீடியோ கேம் என்றால், செங்கல் செங்கலாக விழுவதை அடுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கருவி. கொஞ்சம் வசதியான வீடுகளில் டிவியில் சொருகி ஆடும் போலி நின்டெண்டோ. அசல் வெளிநாட்டுச் சாமான் வேண்டுமானால் பாரிமுனைக்குப் பஸ் ஏற வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைக்க 1969-இல் தொடங்கிய பர்மா பஜார்தான் அந்தக் காலத்து இறக்குமதித் துறைமுகம். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்றால் ரிச்சி தெரு.

நான் இதை முதலில் ஆடியது கருவியில் கூட இல்லை. கம்ப்யூட்டரைக் கேம் பாய் போல நடிக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருள் ஒன்று அப்போது சி.டி.யில் கைமாறிக்கொண்டிருந்தது. கீபோர்டில் அம்புக்குறிகளைத் தட்டித் தட்டி, பாதிக் கதை வரை போனேன். பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியம்மா மகன் ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. கொண்டுவந்தார். மடித்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அதன் ஜப்பான் வெளியீடும் அதே 2003 பிப்ரவரி 14-தான். ஆட்டமும் கருவியும் ஒரே நாளில் கடைக்கு வந்தவை. 2001-இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸில் திரைக்கு விளக்கே கிடையாது, டியூப் லைட்டுக்கு அடியில் கழுத்தை வளைத்து உட்கார வேண்டும். எஸ்.பி.யில் விளக்கும் இருந்தது, சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் இருந்தது.

அந்த விளக்கின் அருமை 2012-இல் தெரிந்தது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தலைவிரித்தாடிய வருஷம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ஃபேன் நின்றதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் நடுவில், 240-க்கு 160 புள்ளி மட்டுமே கொண்ட அந்தக் குட்டித் திரையில் ஒரு ராஜ்ஜியமே ஓடிக்கொண்டிருக்கும். நம் முறை வரும்வரை எதிரி காத்திருப்பான் என்பது இந்த வகை ஆட்டத்தின் பெரிய வசதி. கரண்ட் வந்துவிட்டதா என்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் யாரும் நம்மை அடித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கோடையில் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். செல்போனில் சுட்டுத் தள்ளும் ஆட்டங்களில் ஊறியவன். பழைய எஸ்.பி.யைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவனோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து ஆடியதில்தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது.

இன்றைக்குக் கத்திக்குத் தடை

கதை இதுதான். மியூட் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தை நண்பர்கள் சேர்ந்து திறக்கிறார்கள். அன்றிரவே ஊர் மாறிப்போகிறது. பனி ஊர் போய், அவர்கள் ஆடி ரசித்த வீடியோ கேமில் வரும் ஐவாலிஸ் என்ற மாய உலகம் வந்துவிடுகிறது. விழித்த மார்ஷ், எதிரே வந்த பங்கா இனத்தவனைப் பார்த்து ‘பல்லி’ என்று வாய் தவறிச் சொல்கிறான். பங்காக்களுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அடி விழப் போகும் நேரத்தில், மான்ட்பிளாங்க் என்ற குள்ளமான மூகிள் இனத்தவன் வந்து காப்பாற்றி, தன் குழுவில் சேர்த்துக்கொள்கிறான்.

அப்புறம் சண்டைதான். கட்டம் கட்டமாகப் பிரித்த, மேடும் பள்ளமுமான களம். மாறி மாறி முறை வரும். முதுகுப் பக்கம் போய் அடித்தால் அடி தப்புவது குறைவு. ஐந்து இனங்கள், 34 தொழில்கள். வெள்ளை மந்திரவாதி, வில்லாளி, திருடன், துப்பாக்கிக்காரன் என்று யாரை எந்தத் தொழிலில் வைப்பது என்று யோசிப்பதிலேயே ராத்திரி போய்விடும். வித்தைகள் ஆயுதங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒரு கைத்தடியைப் பிடித்துச் சில சண்டைகள் போட்டால், காயம் ஆற்றும் மந்திரம் கைவரும். கைவந்த பிறகு தடியை விற்றுவிட்டாலும் மந்திரம் போகாது. எதிரியின் கையிலிருக்கும் கத்தியையே உருவிக்கொண்டு ஓடும் திருடன் அக்கா மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டான். ஒரு சண்டை முழுக்க யாரையும் அடிக்காமல் திருடிக்கொண்டே இருந்தான்.

இங்கே ஒரு சிறு திசைதிருப்பல். வரவழைக்கும் தேவதைகளில் ஷிவா என்றொருத்தி உண்டு. நீல நிறப் பெண். பனிக்கட்டியை வீசித் தாக்குவாள். சம்பந்தர் பாடிய வேதபுரீஸ்வரர் குடியிருக்கும் திருவேற்காட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஆடுவது ஒரு தனி அனுபவம். ஜப்பான்காரர்கள் பெயரை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். கோபித்துப் பயனில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்த ஆட்டத்தை வெறுத்தவர்கள் பலரும் வெறுத்தது அதைத்தான்.

ஒவ்வொரு சண்டையிலும் கவசம் அணிந்த ஒரு நடுவர், சோகோபோ என்ற பெரிய பறவைமேல் ஏறி வந்து களத்தில் நிற்பார். அன்றைய தடைகள் திரையில் வரும். இன்று கத்தி கூடாது. இன்று நெருப்பு மந்திரம் கூடாது. வரைபடத்தில் ஓரடி நகர்ந்தால் ஒரு நாள் கழியும். நாள் மாறினால் தடையும் மாறும். மீறினால் விசில். கால்பந்து மாதிரி மஞ்சள் அட்டை, அபராதம். மறுபடி மீறினாலோ, தடையுள்ள ஆயுதத்தால் எதிரியை வீழ்த்தினாலோ சிவப்பு அட்டை. ஆள் அப்படியே மறைந்து சிறைக்குப் போய்விடுவான். கதாநாயகன் மார்ஷே சிவப்பு அட்டை வாங்கினால் ஆட்டம் குளோஸ்.

“மாமா, இவன் எங்க போனான்?”

“ஜெயிலுக்கு. இன்னைக்குக் கத்திக்குத் தடைடா. சண்டைக்கு முன்னாடி காட்டுச்சே, பாக்கலையா?”

“நல்லா அடிச்சதுக்கு ஜெயிலா? இது என்ன மாமா கேம்?”

பையனை ஏச முடியவில்லை. 2003-இல் விமர்சகர்கள் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். நான் அப்போது அவர்கள் கட்சி. இப்போது இல்லை.

நூம்பலுக்கு அடுத்த ஊரான மேல் அயனம்பாக்கத்து வேலம்மாள் பள்ளியில் படித்தவர்தான் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். இந்தப் பக்கத்தில் பிள்ளையைச் செஸ் வகுப்புக்கு அனுப்ப நினைக்காத பெற்றோர் குறைவு. அவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். செஸ் போர்டில் உட்கார்ந்ததும், ‘இன்றைக்குக் குதிரையால் வெட்டக் கூடாது’ என்று ஒருவர் அறிவித்தால் எப்படி இருக்கும்? நாளைக்கு யானை. மறுநாள் ராணி. குதிரையை மட்டும் நம்பி ஆடப் பழகியவன் அன்று தொலைந்தான். நாலு காயையும் ஆளத் தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு.

இந்த ஆட்டமும் அதைத்தான் செய்கிறது. பலமான ஒரே தந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓட்டுவது இந்த வகை ஆட்டங்களுக்கே உள்ள நோய். மூன்று வாள்வீரர், ஒரு வைத்தியர் என்று அமைத்துவிட்டால் அப்புறம் மூளைக்கு வேலை இருக்காது. நடுவர் வந்து அந்த வாளைப் பிடுங்குகிறார். வில்லை எடு, இல்லையென்றால் மந்திரத்தை எடு, அதுவும் இல்லையென்றால் எதிரியைக் கல்லாக்கிவிட்டுப் போ. எதிரிக்கும் அதே சட்டம். அவசரக்குடுக்கையான எதிரி தடையை மீறி அடித்துச் சிறைக்குப் போகும்போது வரும் சந்தோஷத்துக்கு விலையே இல்லை. அக்கா மகன் கைதட்டியது அப்போதுதான்.

நடுவர் இல்லாத ஊர்

ஐவாலிஸில் ஜாக்ட் என்று சில இடங்கள் உண்டு. அங்கே நடுவர் வரமாட்டார். எந்தத் தடையும் கிடையாது. அப்பாடா என்று உள்ளே போனால்தான் விஷயம் தெரியும். மற்ற இடங்களில் சண்டையில் விழுந்தவன் சண்டை முடிந்ததும் எழுந்து வந்துவிடுவான். ஜாக்டில் விழுந்து, சண்டை முடியும்வரை எழாதவன் செத்தவன்தான். பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். விசில் ஊதித் தொல்லை கொடுத்த அதே நடுவர்தான் இத்தனை நாளும் ஆட்களைச் சாகாமல் காத்திருக்கிறார்.

இதே கருவிக்கு 2003 நவம்பரில் ஆங்கிலத்தில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ வேறு ரகம். 1990-இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த அந்த ஆட்டத்தில் விழுந்தவன் பொதுவாகச் செத்தவன். அது போர்க்கதை, அதற்கு அது பொருந்தும். இங்கே நிலைமை வேறு, ஏனென்றால் இந்த உலகத்தைக் கற்பனை செய்தது ஒரு சிறுவன். அவன் உலகத்தில் யாரும் சாகக் கூடாது. அவன் அம்மா செத்துப்போனவள்.

மியூட்டின் வீட்டு நிலைமையை ஆட்டம் ஆரம்பத்திலேயே நாலு வரியில் காட்டிவிடுகிறது. அம்மா இல்லை. அவள் போன பிறகு அப்பா சித் குடியில் விழுந்து, நிலையான வேலையில்லாமல், பார்ப்பவர்களிடமெல்லாம் தலை குனிந்து நிற்கிறார். பள்ளியில் பையன்கள் மியூட்டைச் சீண்ட அதுவே போதும். மாய உலகத்தில் மியூட் இளவரசன். அம்மா ரெமெடி ராணி, உயிரோடு. அப்பா யார் தெரியுமா? தலைமை நடுவர். அந்த நாட்டில் சட்டம் போடுகிறவர்.

இருபது வருஷத்துக்கு முன்பு இதைக் கதை என்று கடந்துவிட்டேன். இப்போது, எரிச்சலூட்டிய ஒவ்வொரு விசிலுக்கும் காரணம் கண்ணில் படுகிறது. குனிந்த தலையோடு வேலை தேடி அலைந்த அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்ட ஒரு பையன், எல்லோரும் பயப்படுகிற மனிதராக அவரைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். அந்த ஆசைதான் சட்டமாகி, களத்தில் பறவைமேல் ஏறி வந்து நிற்கிறது. கதை நகர நகரத் தடைகள் கூடுகின்றன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. மார்ஷ் அந்த உலகத்தைக் கலைக்கப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் அரண்மனை பிடியை இறுக்குகிறது. கதையில் நடக்கிற கோபத்தை நாம் சண்டையில் அனுபவிக்கிறோம். வசனத்தில் சொல்வதை விதிமுறையில் சொல்கிற ஆட்டங்கள் இன்றைக்கும் அபூர்வம்.

மியூட்டின் சாயலில், கறுப்பு நிழல் போல லெட்னார் என்று ஒருவன் வருவான். அவனை என்ன செய்தாலும் அடி படாது, அவனைக் காக்க ஒரு சட்டமே இருக்கிறது. கடைசியில் அந்தக் காப்பை நீக்குவது வேறு யாருமில்லை, சித்துதான். மகன் கட்டிக்கொடுத்த பதவியை மகனுக்காகவே ஓர் அப்பா விட்டுக்கொடுக்கிற இடம் அது. குழந்தைகளுக்கென்று விற்ற ஒரு கேசட்டில் இது இருந்தது.

வில்லன் யார்?

பாதி ஆட்டத்தில் அக்கா மகன் நிறுத்திவிட்டான்.

“மாமா, மார்ஷ்தான் வில்லன். எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க. இவன் எதுக்கு வந்து உடைக்கிறான்?”

உலகமெங்கும் இதை ஆடியவர்கள் இருபது வருஷமாகப் போடுகிற சண்டையும் இதுதான். யோசித்துப் பார்த்தால் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மார்ஷின் தம்பி டோனெட் நோயாளி, நிஜ உலகத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவன். ஐவாலிஸில் ஓடுகிறான். தோழி ரிட்ஸுக்கு இளம் வயதிலேயே நரைத்தது போல வெள்ளை முடி. சாயம் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவள். ஐவாலிஸில் அவள் முடி தானே சிவப்பு. இனத்துக்கு ஒன்றாக ஐந்து படிகங்கள் அந்த உலகத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. மார்ஷ் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வழி தேடுகிறான். எந்த உரிமையில்?

டோனெட் அண்ணனைத் தடுக்க, அவன் போகும் இடங்களை எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்கிறான். அகப்பட்டதும் அழுகிறான்: திரும்பிப் போனால் தன்னால் நடக்க முடியாது, அண்ணனுக்கு எல்லாம் இருக்கிறது, அவனுக்கென்ன? மார்ஷ் அப்போது சொல்கிற பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர். தனக்கும் ஒன்று இல்லாமல்தான் இருந்தது என்கிறான். அம்மாவின் கவனம் முழுக்க தம்பிக்கே போனதும், எதற்கும் தான்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததும் அவனுக்கு உள்ளே புகைந்திருக்கிறது. ஐவாலிஸில் அந்தக் குறையும் இல்லை. ஆகவே அங்கேயே தங்கிவிட அவனுக்கும் காரணம் இருக்கிறது. இருந்தும் போகிறேன் என்கிறான்.

உடம்பு முடியாத ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொரு பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நம் வீடுகளில் அதை வாய்விட்டுச் சொன்னால் ‘தம்பிமேல பொறாமைப்படுறியா’ என்று அடி விழும். ஒரு ஜப்பானிய வீடியோ கேம் அதைக் குற்றமாக்காமல் சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றில் ஆட்டம் கை நழுவ விடுகிறது. டோனெட்டின் இழப்பும் மார்ஷின் ஏக்கமும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையா? கால் வேறு, மனத்தாங்கல் வேறு. அதற்கு மேல் வாதாட வேண்டிய இடத்தில் டோனெட் சீக்கிரமே சமாதானமாகிவிடுகிறான். மார்ஷ் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மியூட்டின் துக்கத்துக்குள் ஊரையே குடிவைக்க முடியாது. ஆனால் டோனெட்டுக்கு இன்னும் ஒரு காட்சி கொடுத்திருக்க வேண்டும். அக்கா மகன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டு, “ஆனாலும் அவன் வில்லன்தான்” என்றான்.

குறைகளும் கைராசியும்

குறைகள் உண்டு. மெனுக்குள் மெனுவாக நுழைந்து ஒவ்வொருவருக்கும் ஆயுதம் மாற்றுவது அலுப்பு. 300 மிஷன்களில் நிறைய ஒப்புக்குச் செய்தவை. பிற்பாதியில் நம் ஆட்கள் மிஞ்சிப் போய்விடுகிறார்கள். எதிரி பரிதாபமாகத் தெரிகிறான். ஹிதோஷி சகிமோதோவின் இசை அந்தச் சின்ன ஸ்பீக்கரில் நசுங்கித்தான் கேட்கிறது. ஹெட்போனில் கேட்டால் அது வேறு இசை.

செய்தவர்களின் வரலாறு நல்ல கைகளின் வரலாறு. யசுமி மட்சுனோ 1995-இல் ‘டாக்டிக்ஸ் ஓகர்’ செய்தவர், பிறகு ஸ்கொயருக்கு வந்து 1997-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ செய்தார். ‘டாக்டிக்ஸ் ஓகர்’ பிறந்த க்வெஸ்ட் நிறுவனத்தையும் 2002-இல் ஸ்கொயர் வாங்கியது. அந்தக் குழுவும் மட்சுனோவும் மறுபடி சேர்ந்த இடம் இந்த ஆட்டம். 1997 ஆட்டம் பிரபுக்களும் மதகுருமார்களும் கழுத்தறுக்கும் அரசியல் கதை. அதன் ரசிகர்கள், பனி உருண்டையோடு தொடங்கும் இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கினார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் கடினமான கதை. ராஜாவை வெறுப்பது சுலபம்.

2007-இல் நின்டெண்டோ டி.எஸ். கருவிக்கு இதன் தொடர்ச்சி வந்தது. அதில் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். மீறினால் சலுகையும் வெகுமதியும் போகும். யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆட்டம் வழவழப்பாக ஓடுகிறது. ஒரு சண்டைகூட எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை.

இதை இன்றைக்கு முறையாக வாங்கி ஆடுவது பெரும்பாடு. 2016-இல் நின்டெண்டோவின் வீ யூ கருவியின் இணையக் கடையில் விற்றார்கள். அந்தக் கடையே 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மிச்சம் இருப்பது கைமாறி வரும் பழைய கேசட்தான். அதிலும் போலி அதிகம். எனக்கு ஒருமுறை வாய்த்த போலியில், பாதிக் கதையில் சேவ் மொத்தமும் அழிந்துபோனது. வாங்குகிறவர்கள் கேசட்டின் பின்பக்கத்தையும் அச்சின் தரத்தையும் பார்த்து, கடையிலேயே போட்டு, சேவ் செய்து, அணைத்து, மறுபடி திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

1997-இல் வந்த மூத்த ஆட்டத்தை, ‘தி ஐவாலிஸ் க்ரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் 2025 செப்டம்பர் 30 அன்று ஸ்கொயர் எனிக்ஸ் புதுப்பித்து வெளியிட்டுவிட்டது. அடுத்தது இதன் முறையாக இருக்க வேண்டும். மெனுவைச் சீர்செய்யட்டும், இசையைத் துலக்கட்டும், டோனெட்டுக்கு ஒரு காட்சி சேர்க்கட்டும். இந்தக் காலத்துப் பொறுமைக்குப் பயந்து, சட்டங்களை அணைக்கும் பொத்தான் ஒன்றை மட்டும் வைத்துவிட வேண்டாம்.